பின்கதவு ஒத்திகை

சீனிச்சாமியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பின்ன என்னங்க? நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல எங்க பனியன் கம்பெனியில அயர்ன் பண்ற ஆளு. தேனிப் பக்கம் சொந்த ஊரு. அங்க திருவிழா நாடகத்துல ராஜபார்ட் வேசம் கட்டுவாராமா. அதைக் கேள்விப்பட்டு எங்க மொதலாளி சிவசுப்பிரமணியம் கூப்பிட்டு வுட்டாரு.

"அடுத்த வாரம் நம்ம பனியனை வாங்கற வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிச்சுப் பாக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பறாங்க. நம்ம பொம்பளைங்ககிட்டக் கேள்வி கேப்பாங்க. உளறாமப் பதில் சொல்லப் பழக்கி வுடுங்க."

இந்த ஆளும் பல்லைக் காட்டிக்கிட்டு, "ஆகட்டும் மொதலாளி, நாடகமாவே பழக்கிருவோம்"னு ஒத்துக்கிட்டாரு.

பதிலெல்லாம் மொதலாளி எழுதிக் குடுத்தது. மத்ததைக்கூடப் பொறுத்துக்கலாம். ஒண்ணை மட்டும் என்னால பொறுக்க முடியலை. "பின்கதவு எப்பவும் தொறந்தேதாங்க இருக்கும்"னு சொல்லோணுமாமா.

பொய்யுங்க! தச்ச பனியன் பீஸ் திருடு போகுதுன்னு அந்தக் கதவுக்கு மூணு வருசமாப் பூட்டு. போன மாசம் ஒரு மோட்டார் பொகைஞ்சப்ப அறுபது பொம்பளைங்களும் முன்வாசல்ல முண்டியடிச்சோம். டெய்லர் ராமுத்தாய் மாசமா இருக்கறவ. பின்கதவை ஒட்டித்தான் அவ மிஷினு. அன்னைக்கு வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கடைசி ஆளா வெளிய வந்தா. இப்ப அவ வாயாலயே அந்தப் பொய்யைச் சொல்ல வெக்கறாங்க.

"ஏனுங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா?"ன்னு சீனிச்சாமி மூஞ்சிக்கு நேராவே கேட்டுப்போட்டேன்.

அந்த மனுசன் கோவிச்சுக்கவே இல்லை. "வேலாத்தாக்கா, நாடகம்னு வந்துட்டா சொன்ன வசனத்தைப் பேசித்தான ஆகணும்?"னு சிரிச்சாரு.

சாப்பாட்டு நேரத்துல ஒத்திகை ஆரம்பிச்சுது. ஆபீசர் வேசம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? ராக்கம்மாளுக்கு! தச்ச பீஸை எடுத்து அடுக்கற கைமடி வேலைக்காரி. பேரைக் கேட்டாக்கூடத் தரையைப் பாத்துத்தான் சொல்லுவா.

சீனிச்சாமி அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டி, கையில ஒரு அட்டையைக் குடுத்தாரு. "நீ இப்ப ராக்கம்மா இல்ல ஆத்தா. லண்டன்ல இருந்து வந்த ஆபீசரு. தலையை நிமித்து. என்ன தோணுதோ கேளு."

மொத நாள் வாயே தொறக்கலை. ரெண்டாம் நாள், "பேரென்ன?"ன்னா. மூணாம் நாள் பாக்கோணுமே! "ஃபேன் ஏன் சுத்தலை? தண்ணிப் பானை ஏன் வெயில்ல இருக்குது?"ன்னு எழுதிக் குடுக்காததையெல்லாம் கேக்கறா. எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. ஆளாளுக்கு, "நாளைக்கு நான்தான் ஆபீசரு"ன்னு சண்டை வேற.

அன்னைக்குச் சாயங்காலம் மினி பஸ்ல, "ஏனுங்க, ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போயி நிறுத்தறீங்க?"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ராக்கம்மாள்! கண்டக்டர் அசந்து போயிட்டாரு. நானுந்தான்.

இருந்தாலும் சீனிச்சாமி மேல இருந்த கோவம் மட்டும் தீரலை. சிரிக்க வெச்சே பொய் சொல்ல வெக்கறாரேன்னு இருந்துச்சு.

கடைசி ஒத்திகைக்கு மொதலாளியே வந்து சேர் போட்டு உக்காந்தாரு. அன்னைக்குன்னு பாத்து ராமுத்தாய் வரலை. காய்ச்சல்னு சீனிச்சாமி சொன்னாரு.

"மொதலாளி, ஒரு ஆளு கொறையுது. பதில் எழுதுன நீங்களே அவ எடத்துல உக்காந்து சொல்லிக் காட்டுனா, இவுங்களுக்கும் நல்லாப் பதியும்."

"அட, அதுக்கென்ன!" மொதலாளி குஷியா எந்திரிச்சுப் போயி ராமுத்தாய் மிஷின்ல உக்காந்தாரு. "எம் பேரு ராமுத்தாய்ங்க"ன்னு குரலை மெலிசாக்கிச் சொன்னாரு பாருங்க, சிரிப்புல ஷெட்டே அதிர்ந்துச்சு.

ராக்கம்மாள் கண்ணாடியை ஏத்தி வுட்டுக்கிட்டா. "பின்கதவு?"

"எப்பவும் தொறந்தேதாங்க இருக்கும்."

"எங்க, எந்திரிச்சுத் தொறந்து காட்டுங்க பாக்கலாம்."

ஐயோ சாமீ! இந்தப் புள்ளைக்கு இன்னையோட வேலை போச்சுன்னே நினைச்சேன்.

அந்த நேரம் பாத்து சீனிச்சாமி மேடைக் குரல்ல, "தீ! தீ! பொகை வருது, ஓடுங்க!"ன்னு கத்தினாரு. நாடகந்தானேன்னு நாங்களும் ஆசை தீரக் கூப்பாடு போட்டுக்கிட்டு முன்வாசலுக்கு ஓடினோம். வழி அடைச்சுப் போச்சு.

மொதலாளியும் வேசத்தை வுடலை. வயித்தைப் புடிச்சுக்கிட்டே பின்கதவைத் தள்ளினாரு. பூட்டு. பாக்கெட்டைத் தடவினாரு. சாவி ஊட்ல. திரும்பி முன்வாசலைப் பாத்தாரு. எங்க முதுகுதான் தெரிஞ்சுருக்கும்.

சத்தம் அடங்குச்சு. மொதலாளி கதவுல கையை வெச்சபடியே நின்னாரு. சட்டையெல்லாம் வேர்வை.

"ராமுத்தாய்க்கு இது எத்தனாவது மாசம்?"

"ஏழுங்க"ன்னா ராக்கம்மாள். தலையைக் குனியவே இல்லை.

அடுத்த நாள் காலையில வந்து பாத்தா, கதவுல பூட்டைக் காணோம். மொதலாளி குத்த வெச்சு உக்காந்து கீலுக்கு எண்ணெய் வுட்டுக்கிட்டு இருக்காரு! தண்ணிப் பானையும் நிழலுக்கு வந்திருந்துச்சு.

ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மா பின்கதவைப் பத்திக் கேட்டப்ப, ராமுத்தாயே எந்திரிச்சு ஒரு கையால தள்ளித் தொறந்தா. காத்து குபுகுபுன்னு உள்ள வந்துச்சு. எனக்குச் சந்தோசத்துல கண்ணு கலங்கிப்போச்சுங்க.

சாயங்காலம் டீ குடிக்கறப்ப ராமுத்தாய்கிட்ட, "ஏங் கண்ணு, காய்ச்சல் வுட்டுப்போச்சா? அன்னைக்கு நல்ல கூத்தைப் பாக்காமப் போயிட்டியே"ன்னேன்.

"காய்ச்சலா? எனக்கு ஒண்ணுமில்லக்கா. சீனிச்சாமி அண்ணந்தான், 'நாளைக்கு நீ வேலைக்கு வராத தாயி, உன் வேசத்தை மொதலாளிதான் கட்டணும்'னு சொல்லிட்டாரு."