பேச விடுங்க, அண்ணே

"ஒரு நிமிசம்மா. நீங்க ஸ்கூல்னு சொன்னதும் எனக்கு நான் படிச்ச ஸ்கூல் ஞாபகம் வந்திருச்சு," என்றான் துஷாந்த்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒலிப்பதிவு மேசையில் இருந்த பிரேமினி பல்லைக் கடித்தாள். ஆரம்பித்துவிட்டான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஒரு சின்ன அறை. அங்கிருந்துதான் துஷாந்தின் பாட்காஸ்ட் வாராவாரம் இரண்டு மணி நேரம் லைவாகப் போகிறது. பெயர் என்னவோ நேர்காணல். வருகிறவர் ஒன்று சொன்னால் இவன் ஒன்பது சொல்வான். கேள்வியையும் இவனே கேட்டு, பதிலையும் இவனே சொல்லி, "அப்படித்தானே?" என்று முடிப்பான். வந்தவருக்குத் தலையாட்டுகிற வேலைதான் மிச்சம்.

மற்ற நாளென்றால் பிரேமினி சகித்துக்கொள்வாள். இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் நாகலெட்சுமி.

போன மழையில், தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்தது. முதல் நாளே எல்லோரையும் ஸ்கூலுக்கு மாற்றியிருந்தார்கள். விடியும் முன் சில குடும்பங்கள் திரும்பிப் போயின. அந்தச் சரிவில் நாகலெட்சுமியின் மகள் கிருஷாந்தி மண்ணுக்குள் போய்விட்டாள். புருசன் அழகன்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனான் என்று தோட்டமே பேசுகிறது. பிள்ளையைக் கொன்றவன் என்ற பேச்சுக்குப் பயந்து அந்த மனுசன் தற்காலிகக் கொட்டிலை விட்டு வெளியே வருவதே இல்லை. திரும்பிப் போகச் சொன்னது யார் என்று ஊரறியச் சொல்லத்தான் நாகலெட்சுமி வந்திருந்தாள்.

"நாங்க போகவே இல்ல தம்பி," என்று அவள் மறுபடியும் தொடங்கினாள். "ஸ்கூல்லதான் படுத்திருந்தோம். அப்ப ஒரு ஆளு டார்ச்சு அடிச்சுக்கிட்டு வந்து..."

"டார்ச்சு. பாருங்க, கரண்டுகூட இல்லாத நேரம். அந்த இருட்டுல ஒரு தாயோட மனசு எப்படி இருந்திருக்கும்? பயம், பசி, குளிரு. அப்படித்தானே?"

"ஆமாங்க. ஆனா அந்த ஆளு..."

"எங்க வீட்டுலயும் ஒரு தடவ இப்பிடித்தான்..."

திரையில் கமெண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. 'அண்ணே, அந்த அம்மாவ பேச விடுங்க.' 'இது யாரோட நேர்காணல்?' 'வாய மூடுங்க, ப்ளீஸ்.'

பிரேமினி விளம்பரத்தைப் போட்டுவிட்டு அவனை வெளியே கூப்பிட்டாள்.

"அண்ணே, அவங்க அந்த ஆளப் பத்திச் சொல்ல வர்றப்பல்லாம் நீங்க பாய்றீங்க. உங்களுக்குக் கொஞ்சமாச்சும் மனசாட்சி இருக்கா?"

"இது பாட்காஸ்ட்டு, கோர்ட்டு இல்ல. உணர்ச்சிதான் முக்கியம். பேரு கீரு சொன்னா நாளைக்குக் கேஸ் வரும்."

"வரட்டும். அவங்க புருசனுக்கு வந்த பழியவிட அது பெருசா?"

"எனக்குப் பாடம் எடுக்காத, பிரேமினி. நாலு வருசமா இந்தச் சேனல நடத்துறது நானு."

"நடத்துங்க. இன்னொரு வாட்டி குறுக்க பேசுனா உங்க மைக்க மூடிருவேன்."

"மூடித்தான் பாரேன்," என்று அவன் உள்ளே போனான்.

ஊதுகிற சங்கை ஊதியாகிவிட்டது. பிரேமினி மேசையில் உட்கார்ந்து அவனுடைய மைக் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டாள். வேலை போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

விளம்பரம் முடிந்தது.

"நேயர்களே, இப்ப நாம கிருஷாந்தி பாப்பாவோட குறும்புகளப் பத்தி..."

"அவ குறும்பப் பெறகு சொல்றேன் தம்பி," என்றாள் நாகலெட்சுமி. குரல் உயரவில்லை. "அந்த ஆளு யாருன்னு முதல்ல சொல்லிர்றேன்."

"சொல்லலாம்மா, அதுக்கு முன்னாடி..."

பிரேமினி பொத்தானை அழுத்தினாள்.

துஷாந்தின் வாய் அசைந்தது; சத்தம் வரவில்லை. அவன் கண்ணாடி வழியாக அவளை முறைத்தான். கையைக் குறுக்கே ஆட்டினான். எழுந்திருக்கப் பார்த்து, கேமராவைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"வந்தது தோட்டத்துல எங்கள வேல வாங்குற கண்டாக்கையா," என்றாள் நாகலெட்சுமி. "மலைக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாரும் லயத்துக்குப் போங்க, காலையில பேரு பதியிற பெரட்டுல நிக்காதவங்களுக்கு அன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்லன்னாரு. எங்க வீட்டுக்காரரு மாட்டேன்னுதான் நின்னாரு. அதுக்குக் கண்டாக்கையா, 'நாளைக்கு இந்தத் தோட்டத்துல உனக்கு வேலையே இல்ல'ன்னாரு. அதுக்கப்புறந்தான் புள்ளயத் தூக்கிட்டு நடந்தோம்."

சொல்லி முடித்ததும் அவள் அழுதாள். பிரேமினிக்கும் கண் கலங்கியது. கமெண்டுகள் எல்லாம் ஒரே கேள்வியாக வந்தன. அவள் தன்னுடைய மைக்கைத் திறந்து அதையே கேட்டாள்.

"அம்மா, நான் பிரேமினி பேசுறேன். அந்தக் கண்டாக்கையா பேரு என்னங்க?"

நாகலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த துஷாந்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதத் தம்பியே சொல்லட்டும்மா," என்றாள். "அவங்க அப்பாதானே."