நீல வட்டம்

நவம்பர் வெயில் பள்ளி ஆலோசகர் திருமதி பிரூயிட்டின் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. இந்தப் பள்ளியிலிருந்து மாணவி டெலேனி சேர விரும்பும் கல்லூரிக்கு முன்பு விண்ணப்பித்தவர்கள் அதில் புள்ளிகளாகக் கிடக்கிறார்கள். இடம் கிடைத்தவர்கள் பச்சை, கிடைக்காதவர்கள் சிவப்பு. வலப்பக்கம் போகப் போகப் பள்ளி மதிப்பெண் கூடும், மேலே ஏற ஏற எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண். டெலேனியின் நீல வட்டம் சிவப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. "இன்னொரு தடவ எழுதும்மா, நாப்பது கூடினாப் போதும்," என்று பிரூயிட் பென்சில் முனையால் வட்டத்துக்கு நேர் மேலே தொட்டுக் காட்டுகிறார். அங்கேயும் ஒரு சிவப்பு. "அது எங்க அக்கா, மிஸ்." "இதுல யாரு பேரும் இருக்காதேம்மா." பென்சில் அந்தப் புள்ளிமேலேயே நிற்கிறது. டெலேனி அதைப் பார்த்தபடி சொல்கிறாள்: "அவளையும் நீங்கதான் இன்னொரு தடவ எழுதச் சொன்னீங்க. எழுதினா. சரியா நாப்பது கூடுச்சு."