கராஜுக்கு ஒரு ஹீற்றர்

சாப்பாட்டு மேசையில் மூன்று ஹீற்றர்களின் விளம்பரத் தாள்களையும் வரிசையாக வைத்துவிட்டு, சிவானந்தன் ஒரு கொப்பியில் அடிமட்டத்தால் கோடு கீறத் தொடங்கினார்.

மனைவி தவநாயகி எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் அவருடைய பென்சிலில் இருந்தது.

ஹீற்றர் கராஜுக்கு. வீட்டோடு ஒட்டிக் கட்டிய கராஜ். அதற்கும் முன்னறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான். சனிக்கிழமை ஆறு மணிக்கு நாலு பேர் அங்கே மடிக்கிற மேசையைப் போட்டுச் சீட்டில் முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். ஹரோவில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து நடக்கிற காரியம். கார் தெருவில் நிற்கும்.

நவம்பர் குளிர் இந்த முறை முந்திவிட்டது. போன சனிக்கிழமை பெனடிக்ற் சீட்டை வைத்துவிட்டுக் கைவிரல்களை ஊதினார்.

"சிவா, இனி என்ர வீட்டை விளையாட வாங்கோ. நோர்பரி தூரம்தான். ஆனா உயிரோட திரும்பலாம்."

அதைக் கேட்ட நேரம் தவநாயகி அயன் பெட்டியால் ஒரு சேட்டின் கையைக் கருக்கிவிட்டாள்.

அவள் கராஜில் இருக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம், முன்னறையில், கிழமைக்கு வேண்டிய ஐந்து சேட்டுகளையும் அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அயன் மேசை அந்தச் சுவரோடுதான் நிற்கும். தொலைக்காட்சியும் ஓடும். சத்தம் மட்டும் வைக்கமாட்டாள்.

பெனடிக்ற் தன்னுடைய மனேச்சரைப் போலக் கதைத்துக் காட்டுவார். பாலேந்திரா தோற்கத் தொடங்கினால் சீட்டுக்கட்டில் பிழை என்று சண்டை பிடிப்பார். கிழமை முழுவதற்கும் போதுமான சிரிப்பு அவளுக்கு அந்தச் சுவருக்குள்ளால் வந்து சேரும்.

தேத்தண்ணி கொண்டு உள்ளே போனால் எல்லாம் நின்றுவிடும். பாலேந்திரா சிகரெட்டை மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு, "ஏனக்கா கரைச்சல் பட்டனீங்கள்?" என்பார். நாலு பேரும் பூசைக்கு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். அவள் திரும்பி வந்து அயன் பெட்டியைத் தூக்கினால்தான் அங்கே மறுபடி உயிர் வரும்.

ஒரேயொரு குறை. பகிடியின் முக்கியமான இடத்தில் பெனடிக்ற் குரலைத் தாழ்த்திவிடுவார். நல்ல காலத்துக்குச் சிவானந்தனுக்கு ஒரு காது மந்தம். "உரத்துச் சொல்லுமப்பா" என்று அவரே கேட்டுவிடுவார். டொக்டரிடம் காட்டச் சொல்லி அவளும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அவர் போகவில்லை.

பென்சில் மண்ணெண்ணெய் ஹீற்றரின் பெயரை வெட்டியது. மணம் உடுப்பில் ஏறுமாம்.

மிச்சம் இரண்டு. காற்றாடி வைத்த பான் ஹீற்றர் ஐந்து நிமிடத்தில் சூடாக்கும். விலையும் பாதி. ஒரு கையால் தூக்கலாம். எண்ணெய் ஹீற்றர் பாரம். சூடேற ஒரு மணித்தியாலம் வேண்டும்.

பான் ஹீற்றர் ஒன்று அவளோடு வேலை செய்கிற வத்சலாவின் வீட்டில் இருந்தது. கார்ப்பெட் கூட்டுகிற மெசின் மாதிரி இரையும். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கதைப்பதே கேளாது. பிறகெங்கே சுவர் தாண்டி வருவது?

இதை எப்படிச் சொல்வது? ஒட்டுக்கேட்கிறேன் என்றா?

"நீர் என்ன சொல்லுறீர்?"

"எனக்கென்ன தெரியும்? உங்கட விளையாட்டு."

நாலு துண்டாக வேண்டிய பயற்றங்காய் எட்டுத் துண்டானது.

சிவானந்தன் சரி அடையாளங்களை எண்ணினார். பான் ஹீற்றருக்கு ஐந்து. எண்ணெய் ஹீற்றருக்கு ஒன்று. பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கி எண்ணெய் ஹீற்றரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"மற்றதின்ர காத்துக்குச் சீட்டெல்லாம் பறந்திடும்" என்றார், அவளைப் பாராமல்.

தவநாயகி மனதுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தாள்.

அன்றும் சனிக்கிழமை. நாலு மணிக்கு ஹீற்றரோடு வந்தவர், ஐந்து மணிக்கே கராஜில் அதன் சுவிச்சைப் போட்டுவிட்டார். ஆறு மணிக்குக் கணக்காகச் சூடேற வேண்டுமே.

அவள் மேசையை ஒதுக்கினாள். கடிதம் எழுதிக் கேட்காமல் ஓர் ஆணிகூட வாங்காத மனிதர். எண்ணெய் ஹீற்றரின் விளம்பரத் தாளுக்குள் தட்டச்சில் அடித்த கடிதம் ஒன்று மடிந்திருந்தது. கொம்பனியிலிருந்து வந்த பதில். திகதி 1991 ஒக்ரோபர் 14. பெனடிக்ற் விரல்களை ஊதுவதற்கு ஒரு மாதம் முந்தியது.

முதல் பந்தி மின்சாரச் செலவைப் பற்றியது. இரண்டாவது பந்தி இப்படி இருந்தது:

'உங்களுடைய மற்றக் கேள்வியை இதுவரை எங்களிடம் எவரும் கேட்டதில்லை. எங்கள் எண்ணெய் ஹீற்றரில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது சத்தம் போடாது. ஆகவே, சுவருக்கு மறுபக்கம் அயன் பண்ணும் உங்கள் மனைவிக்கு, கராஜில் நடக்கும் பேச்சு முன்போலவே கேட்கும்.'

தவநாயகி அதை இரண்டு தரம் வாசித்தாள். மடிந்திருந்தபடியே மடித்து, அதே தாளுக்குள் வைத்தாள்.

ஆறு மணிக்குக் கராஜ் கதவு திறந்து மூடியது.

"மன்னார் வெயில் மாதிரியெல்லோ கிடக்கு. கோட்டைக் கழட்டுங்கோடாப்பா" என்றது பெனடிக்ற்றின் குரல். சீட்டுக் கலைக்கிற சத்தம்கூடக் கேட்டது. மனேச்சரின் கதை தொடங்கியது. முக்கியமான இடம் வந்தது. குரல் தாழ்ந்தது.

"உரத்துச் சொல்லுமப்பா" என்றார் சிவானந்தன். "எனக்கு ஒரு காது மந்தமெல்லோ."

தவநாயகி அன்று அயன் பெட்டியை எடுக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு இருந்தாள்.