மூணடி இடைவெளி

ஆபீஸ் விட்டு, டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் ஜம்புலிங்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு ஆன்லைன் கேமுக்கு ஆட்டக்காரர்களே உருவாக்கி அனுப்பும் ஆட்டக்கள மேப்புகளைச் சோதித்து பாஸ் செய்வது அவர் பொறுப்பு. அங்கே அவர் பெயர் 'ஜட்ஜ்'. சம்பளம் கிடையாது, ஆனால் அவரிடம் பாஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

பஸீலா என்ற பெண் அனுப்பிய, படகு வந்து அணையும் ஜெட்டியின் மேப்பை அன்று மூன்றாம் முறையாகத் தள்ளினார்.

"ஏன் சார்?" ஹெட்போனில் அவள் குரல் கெஞ்சியது.

"படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல மூணடி இடைவெளி. இறங்குறவன் எல்லாம் கடல்ல விழறான். கைப்பிடிகூட இல்ல."

"எங்க தீவு ஜெட்டி அப்படித்தான் சார் இருக்கு. டேப் வெச்சு அளந்துதான் போட்டேன்."

"அரே, நிஜ ஜெட்டியா? எந்த மடையன் அதை பாஸ் பண்ணான்?"

"கல்வெட்டுல பேர் இருக்கு சார். அதையும் மேப்புல வெச்சிருக்கேன், பாருங்க."

ஜம்புலிங்கம் திரையில் தன் ஆளை நடத்திக்கொண்டு போய்க் கல்வெட்டின் முன் நிறுத்தினார்.

'ஆய்வு செய்து ஒப்புதல் அளித்தவர்: ஜம்புலிங்கம், உதவிப் பொறியாளர்.'

"பார்த்தீங்களா சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தக் கல்வெட்டை மட்டும் எடுத்துரும்மா. மேப்பை பாஸ் பண்ணிடறேன்."