முதல் வரியில் கை வைத்தவன்

"எந்த எருமைடா மறுபடியும் முதல் வரியில கை வச்சது?"

மேனேஜர் போட்ட கூச்சலில் ஆபீஸே ஒரு பக்கம் திரும்பியது. தூங்குமூஞ்சியின் பக்கம்.

வேலையில் கெட்டிக்காரன்தான். ஆனால் சாஃப்ட்வேரைக் கட்டுகிற பில்டு ஓட ஆரம்பித்தால் மேசையில் தலையைச் சாய்த்துக் குறட்டை விடுவான்.

அப்ளிகேஷனைக் கன்டெய்னர் என்கிற டிஜிட்டல் டப்பாவில் அடைத்து அனுப்புகிற வேலை அங்கே. ஏற்கெனவே கட்டிய பாகங்களை சிஸ்டம் கேஷ் என்கிற சேமிப்பில் பத்திரமாக வைத்திருக்கும். மாறிய வரியிலிருந்து கீழே உள்ளதை மட்டும் புதிதாகக் கட்டும். ஒரே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

பில்டு ஃபைலின் முதல் வரியை யாராவது மாற்றினால் தொலைந்தது. கொதித்த வெந்நீரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுகிற கதைதான். முக்கால் மணி நேரம் ஓடும்.

அதைத்தான் யாரோ தினமும் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே லாகின் என்பதால் ஆள் அகப்படவில்லை.

பில்டு ஓடும்போது மட்டும்தான் சீட்டை விட்டு எழலாம். மற்ற நேரத்தில் எழுந்தால் தலைமை அலுவலகத்துக் கேமரா சம்பளத்தைக் கடித்துவிடும். அப்படி ஒரு சட்டம்.

"நீதானே?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"எதுக்கு?"

"தூக்கம் வருது சார்."

"ஏன், உங்க வீட்ல கட்டில் இல்லையா? வாடா உள்ள!"

அறைக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

"சீட்டு கிழிஞ்சுது," என்றார் சீனியர்.

"நல்லா வேணும். இவனால நான் வீட்டுக்கு ஒழுங்கா போய் எத்தனை நாளாச்சு!" என்றாள் டெஸ்டர்.

பிரசவ லீவு முடிந்து போன மாதம் திரும்பி வந்தவள் மட்டும் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பில்டு ஓடினால் லிஃப்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவள் அவள்.

"மேடத்தோட ஊர் சுத்தலும் போச்சு," என்று டெஸ்டர் அவள் காதில் விழும்படியே முனகினாள்.

கதவு திறந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

"இனிமே அந்த ஃபைலுக்குப் பூட்டு. பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான். இதுக்கு மேல எவனாவது மாத்தினா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

ஒரே கைதட்டல். தூங்குமூஞ்சி தலையைக் குனிந்தபடி சீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை. பில்டு ஆமையாக ஊர்ந்தது.

"டேய், உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்று சீனியர் தூங்குமூஞ்சியின் சட்டையைப் பிடிக்காத குறை.

"சத்தியமா நான் இல்லண்ணே!"

மேனேஜர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"அநியாயம்! பூட்டியும் புகுந்துட்டானுங்க பாருங்க!" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினார்.

கத்திய கையோடு, பிரசவ லீவுக்காரியின் நாற்காலி அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீ என்னம்மா வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்கே? இத்தனை நாள் உனக்காக அவன் மாத்தினான், இனிமே நான் மாத்தறேன். கீழ காப்பகத்துல பிள்ளை பசியில கத்துது, ஓடிப்போய்ப் பால் குடு!"