கிழித்தெடுத்த வரி

"நேற்று வந்தவளுக்கு நிழலா? நெடுநாள் உழைத்தவளுக்கு வெயிலா?"

தையல் கூடத்துக் கரும்பலகையில் இந்த வேத வரியை எழுதிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டாள் பலகைக்கா.

தினம் காலையில் ஒரு வேத வரி எழுதுவது பதினோரு வருஷமாக அவள் பொறுப்பு. பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வேதத்தைப் பிரித்துப் படித்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாள்காட்டித் தாளில் அச்சாகி வரும் வரிகளைக் கிழித்து ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். இன்றைய வரிக்காக அந்த டப்பாவையே கவிழ்த்துக் கொட்டித் தேடியிருந்தாள்.

துணி வெட்டும் மேசையை முதலாளியம்மா இன்று ஒருத்தியிடம் ஒப்படைக்கப் போகிறாள். எட்டு மாசத்துக்கு முன்னால் வந்த புதுசுக்குத்தான் என்று கூடம் முழுக்கப் பேச்சு. புதுசு கத்தரியைப் பிடித்தால் துணி சொன்னபடி கேட்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பலகைக்காவுக்கு வயிறு எரிந்தது.

"யாருக்குக்கா இந்த வரி?" என்று பட்டன் தைக்கிறவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"நானா சொல்றேன்? வேதம் சொல்லுது. உறைக்கிறவளுக்கு உறைக்கட்டும்."

முதலாளியம்மா வந்தாள், பலகையைப் படித்தாள், முகம் சுருங்கியது.

"வேதத்துல இப்படி வருதா? எந்த அதிகாரம்?"

எண் தாளிலேயே இருந்தது. பலகைக்கா பெருமையாகச் சொன்னாள்.

முதலாளியம்மா அலமாரியிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்துப் புதுசிடம் நீட்டினாள். "உன் குரல்தான் தெளிவா இருக்கும். நீ படி, எல்லாரும் கேக்கட்டும்."

இதுவும் இவளுக்குத்தானா என்று பலகைக்கா பல்லைக் கடித்தாள்.

புதுசு பக்கத்தைத் தேடிப் பிடித்து அந்த வரியைப் படித்தாள். அடுத்த வரியில் கண்ணை ஓட்டியவள் அங்கேயே நிறுத்தினாள். ஒரு தடவை நிமிர்ந்து பலகைக்காவைப் பார்த்தாள்.

நன்றாக உறைத்துவிட்டது என்று பலகைக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"மேல படிம்மா" என்றாள் முதலாளியம்மா.

"எழுத்து பொடியா இருக்கும்மா. கொஞ்ச நாளா கிட்டத்துல எதுவும் சரியாத் தெரியறதில்ல."

புத்தகத்தை மூடி அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

முதலாளியம்மா யோசித்தாள். "பார்வை சரியில்லாதவ கையில கத்தரியை எப்படிக் குடுக்கிறது? சரி, மேசையை அக்காவே பாத்துக்கட்டும்."

பலகைக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு அடுத்த வரியையும் எழுதி இவளை ஒரேயடியாக அடக்கிவிட வேண்டியதுதான் என்று, எல்லாரும் மெஷினுக்குப் போனதும் புத்தகத்தைப் பிரித்தாள். பதினோரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அடுத்த வரி இப்படி இருந்தது:

"என்று தன் தங்கையைப் பார்த்துப் பொருமிய தமக்கை, பொறாமை தாளாமல் அவள் கிணற்றில் மண்ணை அள்ளிப் போட்டாள். அவளைப் போல் இராதீர்கள்."

இதைப் புதுசு சத்தமாகப் படித்திருந்தால் கூடமே சிரியாய்ச் சிரித்திருக்கும். அப்புறம் பலகைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? பலகைக்காவுக்குக் காதெல்லாம் சூடானது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

ஓரத்து மெஷினில் புதுசு, இருக்கிறதிலேயே பொடி ஊசியை எடுத்து, கறுப்பு நூலை ஒரே தடவையில் கோத்தாள்.