குழி விழுந்த தகடு

துப்பாக்கி சுடும் மைதானத்தில் நிலோஃபர் கடைசிச் சுற்றுக்கு நின்றாள். பயிற்சியாளர் அவளைப் பெருமையோடு பார்ப்பதைக் கண்டு எழிலரசிக்கு வயிறு எரிந்தது. போன வருடம்வரை அந்தப் பார்வை இவளுக்குத்தான் கிடைத்தது. அப்போதுதான் தொலைநோக்கியில் கவனித்தாள். நிலோஃபர் சுடவேண்டிய இரும்புத் தகட்டில் ஆழமாகக் குழி விழுந்திருந்தது. குண்டு அதில் பட்டால் சில்லு சுட்டவள் மேலேயே திரும்பித் தெறிக்கும்.

எழிலரசி வாயைத் திறக்கவில்லை. நிலோஃபரின் விரல் விசைக்குப் போனது.

“சுடாதே!” என்று கத்திவிட்டாள் எழிலரசி.

“அவ ஜெயிச்சா உனக்குப் பொறுக்காதா?” என்று சீறிய பயிற்சியாளர், எழிலரசி காட்டிய தகட்டைத் தொலைநோக்கியில் பார்த்ததும் அடங்கினார்.

தகட்டை மாற்றினார்கள். நிலோஃபர் ஒன்றுவிடாமல் அடித்து வென்றாள். ஓடிவந்து எழிலரசியைக் கட்டிக்கொண்டாள்.

“நல்லவேளை, பார்த்ததுமே சொன்னீங்கக்கா.”

எழிலரசியின் கைகள் அவளை அணைக்க எழவில்லை.